இலையின் குடியுரிமை

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து இந்தியாவுக்குப் புறப்படும் பயணிகள், கடைசி நேரத்தில் கைப்பையில் சேர்த்துக்கொள்ளும் பொருள்களுள் தேயிலை டப்பாவும் ஒன்று. சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, இரட்டை மாடிப் பேருந்து, அரண்மனைக் காவலர் எனப் பல வடிவங்களில் அவை அடுக்கப்பட்டிருக்கும். சற்று விலை கூடியவை அரச முத்திரை பொறித்த தகர டப்பாக்களில் வரும். எடை குறைவு, உடையாது, எல்லா வயதினருக்கும் கொடுக்கலாம். மாநாட்டுக்குச் சென்ற பேராசிரியர் துறையினருக்கும், படிப்பை முடித்துத் திரும்பும் மாணவர் வீட்டாருக்கும் அதை வாங்குகின்றனர். 'பிரித்தானியத் தேநீர்' என்ற பெயரில் அந்தப் பொருள் இந்தியாவுக்கு வந்து சேர்கிறது.

விமான நிலையக் கடைகளின் மேல் 'வரியில்லை' என்ற பலகை தொங்கினாலும், தேயிலையைப் பொறுத்தவரை அந்தப் பலகைக்குப் பெரிய பொருளில்லை. பிரித்தானியாவில் தேயிலைக்கு மதிப்புக்கூட்டு வரி விகிதம் சுழியம். தெருமுனைக் கடையிலும் அதே நிலைதான். வரலாற்றில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் தேயிலை மீதான வரி அதன் விலையையே விஞ்சி 119 விழுக்காடு வரை சென்றது, கடத்தல் பெருகியது. 1784இல் நிறைவேறிய சட்டம் அவ்வரியை 12.5 விழுக்காடாகக் குறைத்தது. பிரதமர் இளைய பிட்டுக்கு இவ்விடயத்தில் ஆலோசனை கூறியவர்களுள் தேயிலை வணிகர் ரிச்சர்ட் ட்வைனிங் ஒருவர். அவருடைய பாட்டனார் 1706இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரை விமான நிலைய அடுக்குகளில் இன்றும் காணலாம்.

டப்பாவைத் திறந்தால் உள்ளே இருப்பது எந்த நாட்டு இலை? 'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்' என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் அசாம், இலங்கை, கென்யா ஆகிய இடங்களின் இலைகள் சேர்ந்த கலவை. ஃபோர்ட்னம் அண்டு மேசன் நிறுவனம் 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னருக்கென உருவாக்கிய 'ராயல் பிளெண்ட்', அசாம் இலையும் இலங்கை இலையும் சேர்ந்ததே. பிரித்தானிய மண்ணில் தேயிலை விளையாமல் இல்லை. கார்ன்வாலில் உள்ள டிரெகோத்னன் தோட்டத்தில் 1999இல் நட்டு, 2005 முதல் விற்கின்றனர். ஆனால் அதன் அளவு மிகச் சிறிது. ஆகவே 'பிரித்தானிய' என்ற அடைமொழி இலை விளைந்த இடத்தைச் சுட்டவில்லை. கலத்தல், பொதிதல், பெயரிடல் என்னும் மூன்று செயல்களும் நிகழும் இடத்தையே சுட்டுகிறது.

சொற்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலுள்ள 'தே' டச்சு வணிகர் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது. ஆங்கிலத்தில் அது தொடக்கத்தில் 'டே' என்றே ஒலித்து, பின்னர் 'டீ' ஆயிற்று. தமிழின் தேயிலை, தேநீர் ஆகிய சொற்களின் முதலசை அந்தப் பழைய ஒலிக்கே நெருக்கமானது. நிலவழியாகப் பரவிய 'சா' என்ற மற்றொரு வடிவம் பாரசீகம் வழியாக இந்தியில் 'சாய்' ஆயிற்று. உயர்தர இலையைக் குறிக்கும் 'பீகோ' என்பது 'வெண்ணிறப் பூமயிர்' எனப் பொருள்படும் சீனச் சொல். தேயிலை டப்பாவைக் குறிக்கும் 'கேடி' என்ற ஆங்கிலச் சொல்கூட, ஏறத்தாழ 600 கிராம் எடையைக் குறிக்கும் 'காத்தி' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. 'இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட்' என்ற பெயரும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வணிகத்தில் சீனக் கருந்தேயிலையையே குறித்தது. பெயர் நிலைத்தது, உள்ளிருந்த இலை மாறியது.

அந்த மாற்றம் ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்தது. 1833ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் சீன வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இருந்த தனியுரிமையை ஒழித்தபின், சீனாவுக்கு மாற்றான விளைநிலம் தேவைப்பட்டது. அசாமில் சிங்போ மக்கள் தேயிலையை அறிந்திருந்தனர். 1823இல் ராபர்ட் புரூஸ் அவர்கள் வழியாகவே அச்செடியைப் பற்றித் தெரிந்துகொண்டார். 1839 ஜனவரி 10 அன்று அசாம் தேயிலைப் பெட்டிகள் 8 லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அசாமில் சொந்தமாகத் தோட்டம் அமைத்த முதல் இந்தியரான மணிராம் தேவானை, 1857 கிளர்ச்சியில் சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, 1858 பிப்ரவரியில் ஜோர்ஹாட்டில் ஆங்கில அரசு தூக்கிலிட்டது.

இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் அங்கே தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் காப்பித் தோட்டங்களை அழித்தது. மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1890இல் இலங்கைக்கு வந்த கிளாஸ்கோ மளிகை வணிகர் தாமஸ் லிப்டன் தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரின்றித் தம் கடைகளில் விற்றார். 1880களின் இறுதிக்குள் பிரித்தானியச் சந்தையில் இந்திய, இலங்கை இலைகள் சீன இலையை முந்திவிட்டன. கடுஞ்சாயமும் செந்நிறமும் கொண்டு பால் தாங்கும் 'பிரித்தானியச் சுவை' இந்தப் புதிய இலையை ஒட்டி உருவான பழக்கமாகும்.

விளைச்சல் வெவ்வேறு நிலங்களில் நிகழ்ந்தாலும் விலையும் பெயரும் லண்டனில் முடிவாயின. மின்சிங் லேன் தெருவைச் சூழ்ந்திருந்த ஏலக்கூடங்களும் தரகர் அலுவலகங்களும் உலகத் தேயிலை வணிகத்தின் நடுவமாக விளங்கின. கல்கத்தாவில் 1861இலும் கொழும்பில் 1883இலும் ஏலங்கள் தொடங்கிய பின்னரும் லண்டன் ஏலம் 1998 ஜூன் 29 வரை நீடித்தது. ஒவ்வொரு நகரத்தின் தண்ணீருக்கும் ஏற்ற கலவையைச் சுவைஞர்கள் வகுத்தனர். கலவையில் ஒரு தோட்டத்தின் இலை விலையேறினால் வேறொரு நாட்டின் இலையைச் சேர்க்கலாம்; பெயர் மாறாது, சுவையும் மாறாது. தோட்டங்கள் ஒன்றுக்கொன்று மாற்றாகிவிட, விற்பனைப் பெயர் மட்டும் மாற்றில்லாததாக நின்றது. வாங்குபவர் நம்பியது அந்தப் பெயரையே என்பதால், லாபத்தின் பெரும்பகுதியும் அதன் உரிமையாளரிடமே சேர்ந்தது.

இந்தியப் பயணி ஹீத்ரோவில் தேயிலை வாங்குவதைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கேலி ஒன்றுண்டு: 'நம் இலையை நமக்கே விற்கிறார்கள்.' இக்கூற்றில் உண்மை இருந்தாலும் அது முழுமையானதன்று. தேநீர் இந்தியாவின் தொன்மையான பொதுப்பானம் அல்ல. 1903இல் தேயிலைத் தீர்வைச் சட்டம் இயற்றப்பட்டு, ஏற்றுமதித் தேயிலை மீது விதித்த தீர்வையைக் கொண்டு விளம்பரப் பணி நடந்தது. உள்நாட்டுச் சந்தையை உருவாக்கச் செயல் விளக்கங்களும் சுவரொட்டிகளும் இலவசக் கோப்பைகளும் பயன்பட்டன. தமிழகத்தில் காப்பியும் தேநீரும் சாதி, வர்க்க அடையாளங்களாக எவ்வாறு பிரிந்தன என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' விளக்குகிறது. 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திர முறையின் குறுமணித் தூளே இன்று இந்தியத் தெருவோரக் கடையிலும் பிரித்தானியத் தேநீர்ப் பைகளிலும் உள்ளது. இரு நாட்டுப் பழக்கங்களும் ஒரே தொழிலின் இரு கிளைகள்.

உரிமையும் கைமாறியிருக்கிறது. 1837இல் தொடங்கிய டெட்லி நிறுவனத்தை 2000ஆம் ஆண்டில் டாட்டா டீ 271 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. மூணாறு மலைகளில் ஸ்காட்லாந்து நிறுவனமான ஜேம்ஸ் ஃபின்லேயின் கூட்டாளியாகத் தேயிலைத் தொழிலில் நுழைந்த டாட்டா குழுமம், பிரித்தானியரின் அன்றாட விற்பனைப் பெயர் ஒன்றின் உரிமையாளராயிற்று. இதைக் காலனியத்துக்கான பதிலடி எனப் பாராட்டியவர்கள் உண்டு. ஆனால் கலத்தலும் பெயரிடலும் கொண்டிருந்த மேலாண்மையை அக்கொள்முதல் குலைக்கவில்லை. அம்மேலாண்மையின் உரிமையை மட்டும் வேறு கைக்கு மாற்றியது. 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் திரண்டபோது, அவர்களுடைய கேள்வி எந்த நாட்டு முதலாளி என்பதாக இருக்கவில்லை.

விளைநாடுகளும் பெயரின் வலிமையை உணர்ந்து செயல்பட்டன. 2004இல் இந்தியாவின் முதல் புவிசார் குறியீட்டைப் பெற்றது டார்ஜிலிங் தேயிலை. இலங்கை, முழுவதும் தன் நாட்டில் விளைந்து தன் நாட்டிலேயே பொதியப்படும் தேயிலைக்கு மட்டும் சிங்க முத்திரையை வழங்குகிறது. ஆகவே லண்டனில் பொதிந்த டப்பாவில் இலங்கை இலை இருந்தாலும் சிங்கம் இராது. 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னும் இலை 'சிலோன்' என்ற பெயரை விடவில்லை. இலைக்கு இவ்வாறு ஊரும் நாடும் சட்டப் பாதுகாப்பும் வாய்த்தன. அதே காலத்தில் அந்த இலையைக் கொய்தவர்களுக்கு நேர்ந்தது வேறு.

திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலி முதலிய பகுதிகளிலிருந்து இலங்கை மலையகத்துக்குத் தொழிலாளர்களை அழைத்துச் சென்றவர் கங்காணி. 'கண்காணி' என்ற தமிழ்ச்சொல்லின் இவ்வடிவம் ஆங்கில அரசின் சட்டங்களிலும் அறிக்கைகளிலும் அப்படியே இடம்பெற்றது. 'கூலி' உலக ஆங்கிலத்தில் பரவியது. அதன் மூலம் தமிழ்ச்சொல்லே என்றும், குஜராத்தின் கோலி என்னும் இனப்பெயரே என்றும் இரு கருத்துகள் உண்டு. தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த சீட்டு 'துண்டு' எனப்பட்டது. அக்கடனை ஏற்காமல் மற்றொரு தோட்டம் அவரைச் சேர்க்க இயலாது. இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. சீனச் சொல்லும் மலாய்ச் சொல்லும் தேயிலையின் பெருமைக்குரிய சொற்களாயின. இந்தத் தமிழ்ச் சொற்களோ கணக்கேடுகளோடு நின்றன.

1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. அந்த எஞ்சியோரை 1974இல் இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொண்டன. இரண்டு முறையும் அம்மக்கள் ஒப்பந்தத்தின் தரப்பாக இல்லை. இலங்கையில் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பயணத்துக்கும் ஒரு புறப்பாட்டுக் கூடம் இருந்தது. இலங்கைக்குச் சென்ற தொழிலாளர்களை மண்டபம் முகாமில் நிறுத்தி மருத்துவச் சோதனை செய்தனர். பின்னர் இராமேசுவரம் தீவைக் கடந்து தலைமன்னாருக்கு அனுப்பினர். ஒப்பந்தத்தின்கீழ்த் திரும்பியோரும் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமில் பதிவு பெற்றனர். 'தாயகம் திரும்பியோர்' என்பது அரசு அவர்களுக்கு அளித்த பெயர். அவர்களுள் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். இந்தியாவை முதன்முறையாக அப்போதுதான் கண்டனர். அவர்களுக்கு வேலை தர 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது; அதுவே பின்னர் 'டான்டீ' ஆயிற்று. கோத்தகிரி, குன்னூர், கூடலூர் சரிவுகளில் அவர்கள் மீண்டும் கொழுந்து பறித்தனர்.

அசாமிலும் இதன் மற்றொரு வடிவம் உள்ளது. சோட்டா நாக்பூரிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் சமூகங்கள் பல, ஜார்க்கண்டில் பட்டியல் பழங்குடிகள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் அசாமில் 'தேயிலைப் பழங்குடி' என அழைக்கப்பட்டாலும், பட்டியல் பழங்குடித் தகுதியை நீண்ட காலமாகக் கோரி வருகின்றனர். அங்கே தொழிற்பெயரே இனப்பெயராகிவிட்டது. சட்டம் அளிக்கும் பெயர் மட்டும் வாய்க்கவில்லை.

ஆகவே ஹீத்ரோவில் வாங்கும் டப்பாவை முன்வைத்து அந்த இலை பிரித்தானியாவினுடையதா, இந்தியாவினுடையதா, இலங்கையினுடையதா என்று கேட்பது, மூன்று நாடுகளின் வணிக வாரியங்களும் ஏற்கெனவே கேட்டுவரும் கேள்வியாகும். அதற்குச் சட்டமும் முத்திரையும் உண்டு. அந்த இலையைப் பறித்தவர் எந்த ஊரார், அந்த ஊரில் அவருக்கு நிலமோ வாக்கோ இருந்ததா என்ற கேள்வியைக் கேட்க டப்பாவில் இடமில்லை. கோயம்புத்தூர் விமான நிலையத்தில் இறங்கி மேட்டுப்பாளையம் வழியாகக் கோத்தகிரிக்கு அந்தப் பரிசை எடுத்துச் செல்லும் ஒருவர், மலைப்பாதையின் இருபுறமும் தேயிலைச் சரிவுகளைக் காண்பார். அங்கே கொழுந்து பறிப்போரில் சிலருடைய தாய்மாரும் பாட்டிமாரும், அந்த டப்பாவில் 'சிலோன்' என அச்சிடப்பட்டிருக்கும் இலையை ஒருகாலத்தில் நுவரெலியாவிலோ பதுளையிலோ பறித்தவர்கள்.