கல்லறை இருக்க, இல்லம் எங்கே?

'அடுக்கம்' என்னும் சொல்லுக்கு மலைச்சாரல் என்றும் மலைத்தொடர் என்றும் பொருள். குறிஞ்சி நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இச்சொல்லைப் பலவிடத்தும் ஆண்டுள்ளனர். இன்றைய பேச்சு வழக்கில் இப்பொருள் மறைந்துவிட்டாலும், ஓர் ஊரின் பெயராக அச்சொல் உயிரோடு இருக்கிறது. கொடைக்கானல் வட்டத்தில், பெருமாள்மலையிலிருந்து கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் நோக்கி இறங்கும் பாதையில் அமைந்த மலைச்சிற்றூரே அடுக்கம். ஏட்டில் வாழ்ந்த சொல் இங்கே ஊராகி வாழ்கிறது. அவ்வாறாயின், இம்மலைச் சரிவுகளில் அன்று வாழ்ந்த மக்கள் எங்கே குடியிருந்தனர்? அவர்களுடைய அடுப்பும் திண்ணையும் எங்கே? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இறந்தோரின் இடங்கள் நமக்குத் தெரியும். தாண்டிக்குடி, பேத்துப்பாறை முதலிய ஊர்களின் பாறைத் திட்டுகளில் பண்டைய கற்திட்டைகள் நிற்கின்றன. மூன்று புறம் பலகைக் கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் பெருங்கல் ஒன்றை மூடியாக ஏற்றிய சிறு அறைகள் அவை. நிலத்துக்குள் புதைந்த அறையைக் கற்பதுக்கை என்கிறோம். சாம்பலையோ எலும்பையோ ஏந்திய பெருமண்கலத்தை முதுமக்கள் தாழி என்கிறோம். தமிழகத்தின் பல பகுதிகளில் இவற்றைப் 'பாண்டுக்குழி' என்றும் 'குள்ளர் வீடு' என்றும் மக்கள் அழைத்து வந்தனர். வனவாசத்தில் பாண்டவர் தங்கிய இடமென்பது ஒரு கதை. குள்ள மனிதர் கட்டிய குடிலென்பது மற்றொரு கதை. மக்கள் மனம் அக்கற்களை வீடாகவே கண்டது. ஆனால் அவை வாழ்ந்தோரின் வீடுகள் அல்ல, மறைந்தோருக்காக எழுப்பியவை.

இவற்றை முறையாக அளந்து, வரைந்து, நூலாக்கிய பெருமை இயேசு சபைத் துறவியர் இருவரைச் சாரும். செண்பகனூரின் பெயரோடு இணைந்த அருட்தந்தை ஆங்கிலாத் அவர்களும், அருட்தந்தை நியூட்டன் அவர்களும் எழுதிய 'பழனிமலைக் கற்திட்டைகள்' பற்றிய ஆங்கில நூல், இந்தியத் தொல்லியல் துறையின் 36-ஆம் நினைவேடாக 1928-இல் வெளிவந்தது. ஆங்கிலாத் அடிகளார் இம்மலையின் செடிகொடிகளை வண்ணத்தில் தீட்டியவரும் ஆவார். இலையையும் பூவையும் நுணுகி நோக்கிய அதே கண்கள், ஆளரவமற்ற பாறை முகடுகளில் கிடந்த கற்களையும் பொறுமையோடு நோக்கின. அவற்றுள் பல கற்திட்டைகள் வெறும் பாறையின்மேல், சுற்றுச்சுவருக்குள், குழுக்களாக அமைந்திருந்ததை அவர்கள் பதிவு செய்தனர். அப்பதிவு இன்றும் ஆய்வாளர்க்கு அடித்தளமாக விளங்குகிறது.

கல்லறை நிலைத்திருக்க, இல்லம் மறைந்தது ஏன்? விடை எளிது. இறந்தோர்க்குக் கல், வாழ்வோர்க்கு மரமும் மூங்கிலும் புல்லும் மண்ணும். கல் நின்றது, கூரை மட்கியது. மலைமழை சரிவு மண்ணை அரித்துச் சென்றது. வாழ்வதற்கு ஏற்ற சமதளமும் சுனையும் மலையில் சிலவே. ஆதலின் பின்வந்தோரும் அவ்விடங்களையே தேர்ந்திருக்கக் கூடும். அப்படியாயின், பழைய ஊர் இன்றைய ஊரின் அடியிலேயே உறங்குகிறது எனலாம்.

மரவீடு மட்கினால் அதன் வரலாறும் மட்கிவிடுமோ? இங்கிலாந்து நாட்டுத் தொல்லியலார் இதற்கு மறுமொழி தந்துள்ளனர். 1066-இல் நார்மானியர் படையெடுத்து வருமுன், அந்நாட்டைச் சாக்சன் மரபினர் ஆண்டனர். ஊர்தோறும் ஒரு நிலக்கிழாரின் மனையும், அதனைச் சூழ்ந்து உழுகுடிகளும் இருந்த காலம் அது. ஐந்து கலப்பை அளவு நிலமும், கோவிலும், சமையற்கட்டும், மணிக்கூடும், அரண்வாயிலும் உடைய குடியானவன் உயர்குடி மதிப்பைப் பெறலாம் என்று 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஏடொன்று கூறுகிறது. அம்மனைகள் பெரும்பாலும் மரத்தால் ஆனவை. ஒன்றேனும் இன்று நிற்கவில்லை. எனினும் தூண் நட்ட குழியில் மரம் மட்கிய இடம், சுற்றுமண்ணினின்றும் நிறம் வேறுபட்டுத் தோன்றும். அக்கருந்திட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து, கூடம் இது, சமையற்கட்டு இது என ஆய்வாளர் வரைந்து காட்டினர். 1970-களில் லிங்கன்சயரின் கோல்தோ என்னும் இடத்தில், பிற்காலக் கோட்டை மேட்டின் அடியிலிருந்து இத்தகைய மனையொன்று வெளிப்பட்டது. நார்த்தாம்டன்சயரின் ராண்ட்ஸ் என்னும் ஊரில் மனையும், அருகே சிறு கோவிலும், அதனைச் சூழ்ந்து ஏறத்தாழ 360 கல்லறைகளும் கண்டறியப்பட்டன. வாழ்ந்த முற்றமும் உறங்கிய முற்றமும் அங்கே அடுத்தடுத்துக் கிடைத்தன.

நம் மலையிலும் அத்தகைய தேடல் தொடங்காமல் இல்லை. பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் தாண்டிக்குடியில் அகழாய்வு நடந்தது. கற்பதுக்கைகளும் தாழிகளும் ஆராயப்பட்டன. சூதுபவள மணிகள் கிடைத்தன. சூதுபவளம் இம்மலையில் விளையும் கல் அன்று. தொலைவிலிருந்து கைமாறி வந்தது. எனவே மலைமக்கள் உலகறியாது ஒதுங்கி வாழ்ந்தவர் அல்லர் என்பது தெளிவு. மிளகும் தேனும் மரமும் விளையும் மலை, சேர நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே நிற்பதை எண்ணும்போது, இதில் வியப்பு ஏதுமில்லை.

மலையடிவாரத்தில், பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொருந்தலில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 2009-லும் 2010-லும் அவரே அகழ்ந்தார். அங்கே ஈமக்காட்டோடு வாழிடமும் கிடைத்தது. கல்லறை ஒன்றில், நான்கு கால் கொண்ட சாடியினுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. கரிமக் கணிப்பு அதன் காலத்தைக் கி.மு. 490 எனக் காட்டியது. தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கி ஒன்றும் அக்கல்லறையில் இருந்தது. எழுத்தின் தொன்மை குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை ஒருபுறம் இருக்க, இறந்தவர் பசியோடு போகக்கூடாது என்று நெல்லை உடன்வைத்த கைகளை நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

பின்வந்த குடியேற்றமும் கருதத்தக்கது. பழனிமலையில் வாழும் குன்னுவர், தம் முன்னோர் தாராபுரம், காங்கேயம் பகுதிகளிலிருந்து மலையேறி வந்த வேளாளர் எனக் கூறுவர். சமவெளியில் நிகழ்ந்த போரே அவர்களை மேலேற்றியது என்பது ஒரு வழக்கு. பஞ்சமே காரணம் என்பது மற்றொரு வழக்கு. அவர்களுடைய ஊர்த்தலைவர்க்கு மன்னாடி என்பது பெயர். கல்லை எழுப்பியவரும் பின்னர் மலையேறியவரும் ஒரே மரபினர் என்று சொல்ல இயலாது. எனினும் ஒரே சுனையும் ஒரே சரிவும் இருசாரார்க்கும் வாழ்வளித்தன. சாக்சன் மனையின்மேல் நார்மானியன் கோட்டை எழுப்பினான். இங்கே பழையோரின் சரிவில் புதியோர் ஏர் பூட்டினர்.

புறநானூற்றில் 256-ஆம் பாடல் ஒரு பெண்ணின் குரல். கணவனை இழந்தவள் குயவனை விளித்து, தாழியைத் தனக்கும் இடமிருக்குமாறு அகலமாகச் செய்து தருக என வேண்டுகிறாள். நூற்றுக்கணக்கான தாழிகளை அளந்து எழுதினாலும் கிட்டாத ஒன்றை அப்பாடல் தந்துவிடுகிறது. தாழி ஆய்வுப்பொருள் ஆகுமுன், ஒருத்தியின் துயரமாக இருந்தது. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நமக்கு இது புரியாததன்று.

ஆனால் இன்று அக்கற்களுக்கு நேர்வது என்ன? புதையல் ஆசையில் மூடுகற்கள் புரட்டப்படுகின்றன. பலகைக் கற்கள் பெயர்ந்து வரப்புக்கும் படிக்கட்டுக்கும் போகின்றன. காப்பித் தோட்டத்திற்கும் சாலைக்கும் விடுதிக்கும் மண் வெட்டும்போது, கருப்பு-சிவப்பு ஓடுகள் மண்ணோடு மண்ணாகச் சரிகின்றன. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்லியல் சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்டவை என அறிவிக்கப்பட்டவற்றுக்கே முழு அரணாகிறது. அறிவிக்கப்படாத கல்லுக்கு ஊராரின் மனச்சான்றே காவல். கற்திட்டை சிதைந்தால் அதன் படமேனும் 1928-ஆம் ஆண்டு நூலில் எஞ்சும். மண்ணுக்குள் இருக்கும் வீட்டுத் தளத்திற்கோ, தூண்குழிக்கோ படம் இல்லை. ஒருமுறை இயந்திரம் தோண்டிவிட்டால், அங்கே வீடு இருந்ததென்று சொல்ல எவரும் இரார்.

எனவே மலையூர்களில் வாழ்வோரிடமும், அங்கே பணியாற்றும் ஆசிரியர், துறவியர், இளைஞரிடமும் நாம் வேண்டுவது சிறிதே. கல்லைப் புரட்ட வேண்டாம். கிணறு வெட்டும்போது பானை ஓடோ மணியோ சாம்பல் படிவோ கண்டால், அவ்விடத்தையும் ஆழத்தையும் குறித்து வையுங்கள். வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். எடுத்த பொருளைவிட, அது கிடந்த இடமே ஆய்வாளர்க்குப் பெருஞ்செல்வம்.

முன்னோர் எப்படி இறந்தார்க்கு மதிப்பளித்தனர் என்பதை அறிந்துகொண்டோம். எப்படி வாழ்ந்தனர், எதை உண்டனர், எங்கே குழந்தைகளை உறங்கவைத்தனர் என்பதை இனித்தான் அறிய வேண்டும். அதற்கான விடை, அடுக்கடுக்காய் இறங்கும் இச்சரிவுகளின் மண்ணில் இன்னும் எஞ்சியிருக்கலாம். அம்மண்ணைக் கலைக்காமல் அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைப்பது, நம் காலத்தவர் செய்யத்தக்க கடமையாகும்.