நல்லாயிருக்கேன் என்று பாதியில் நிறுத்தலாமா?



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி ராமேஸ்வரத்திலிருந்து போன் பண்ணினாள். அவளுடைய அம்மாவுக்கு மதுரையில் கீமோ நடக்கிறது. மூன்று முறை முடிந்து கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டதாம். "அம்மா இப்ப நல்லா சாப்பிடுறாங்க டீச்சர். ஊர்த் திருவிழா முடிஞ்சு அடுத்த ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் வரலாறும் வரும். டீச்சர் என்றால் பாடம் நடத்தாமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923-ல் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். படித்த டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தத் துக்கத்தில் பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும்வரை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை.

அங்கே கொடுத்த கதிர்வீச்சை ஏன் ஒரே நாளில் கொடுத்து முடிக்கவில்லை? இதற்கு விடை 1920-களின் பாரிஸில் இருக்கிறது. அங்கே ரேடியம் நிறுவனத்தில் கிளாட் ரெகோ என்பவர் ஆட்டுக்கிடாக்களை வைத்துச் சோதனை செய்தார். மொத்தக் கதிரையும் ஒரே தடவையில் கொடுத்தால் தோல் வெந்துபோகிறது, ஆனால் உள்ளே அழிய வேண்டிய செல்கள் அழிவதில்லை. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் தோல் தாங்குகிறது, செல்களும் அழிகின்றன. அவரோடு இருந்த ஹென்றி கூட்டார் இதே முறையில் தொண்டைப் புற்றுநோயாளிகளைக் குணமாக்கிக் காட்டினார். இன்று "திங்கள் முதல் வெள்ளி வரை வாங்க" என்று சொல்கிறார்களே, அது அங்கிருந்து வந்த வழக்கம். சனி, ஞாயிறு ஓய்வும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். நாமாக எடுக்கும் லீவுக்கு அதில் இடமில்லை. மூன்று நான்கு வாரம் ஆனபின் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்கும். அதனால்தான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கொடுப்பது, உள்ளே வைத்துக் கொடுப்பது இரண்டையும் 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்க்கிறார்கள்.

கீமோவுக்கும் ஒரு கதை உண்டு. 1956-ல் அமெரிக்காவில் மின் சியு லீ என்ற சீன டாக்டர், கருவுற்ற பெண்களுக்கு அபூர்வமாக வரும் ஒரு புற்றுநோய்க்கு மருந்து கொடுத்தார். எக்ஸ்ரேயில் கட்டி மறைந்துவிட்டது. ஆனால் நோயைக் காட்டும் ஹார்மோன் மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அது அடியோடு போகும்வரை மருந்தை நிறுத்தமாட்டேன் என்று பிடிவாதமாகத் தொடர்ந்தார். நோயாளிகளுக்கு வீணாக விஷம் ஏற்றுகிறார் என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்தால், முன்னாலேயே நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது. அவர் கடைசிவரை மருந்து கொடுத்தவர்கள் பிழைத்தார்கள். 1972-ல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

கட்டி கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பல கீமோ மருந்துகளுக்கு 21 நாள் இடைவெளி விடுவது, அதற்குள் நம் ரத்த அணுக்கள் தேறிவிடும் என்பதால். அதற்கு மேல் நாமாகத் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் புற்றுநோய் தேறுவதற்குக் கிடைக்கும் நாள்.

இதையெல்லாம் நான் காலம் கடந்துதான் படித்தேன். தங்கச்சிமடத்தில் இருந்த என் நாத்தனாருக்கு 2009-ல் 25 நாள் கதிர்வீச்சு எழுதிக்கொடுத்தார்கள். 17 நாள் முடிந்திருந்தது. அப்போது என் மூத்த மகள் கல்யாணம். "அத்தை இல்லாம கல்யாணமா? ரெண்டு வாரம் கழிச்சுப் போய்க்கலாம், வாங்க" என்று கூப்பிட்டது நான்தான். "சரி மதினி" என்று சந்தோஷமாக வந்தார். திரும்பிப் போனபோது டாக்டர் திட்டவில்லை. காலண்டரை எடுத்து விட்டுப்போன நாட்களை மட்டும் எண்ணினாராம். 2011-ல் நோய் திரும்பியது. அடுத்த வருஷம் அவர் இல்லை. அந்த இரண்டு வாரம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு நாள் பள்ளிக்கு வராவிட்டாலும் உங்களை நிறுத்திவைத்துக் காரணம் கேட்டவள் நான். அந்தக் கேள்வியை அன்று என்னிடம் கேட்க யாரும் இல்லை.

நம் கரையிலிருந்து மதுரை தூரம்தான். ராமேஸ்வரத்திலிருந்து 170 கிலோமீட்டர் இருக்கும். கூலி போகும், துணைக்கு ஆள் வேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரியும். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான படிவத்தை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ரத்த அணு குறைந்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று டாக்டரே தள்ளிவைத்தால் அது வேறு விஷயம், பயப்பட வேண்டாம். புயல் மழையில் போக முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். விட்டுப்போன நாளை ஈடுகட்ட அவர்களுக்குச் சில வழிகள் உண்டு. சொல்லாமல் இருந்துவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது சிகிச்சையில் இருந்தால் "எப்படி இருக்கீங்க?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "அடுத்த தேதி என்னைக்கு? கூட யார் போறா?" என்றும் கேளுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்கள் போங்கள். விசேஷத்துக்கு அவர்களைக் கூப்பிட்டே ஆக வேண்டுமென்றால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

என் மாணவி அம்மாவை நாளைக் காலை ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறாள். திருவிழா அடுத்த வருஷமும் வரும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்