‘நடனம்’ என்னும் சொல்: நாவலப்பிட்டிப் பாலரும் ஆட்டக் கல்வியும்

முன்பள்ளி வயதில் ஆடிப் பழகும் பிள்ளை பிறரோடு இணங்கிப் போகவும் கோபத்தையும் கூச்சத்தையும் கையாளவும் கற்றுக்கொள்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அச்சான்றைக் காட்டி, மூன்று நான்கு வயதிலேயே பரத அடவுகளைத் தொடங்க வேண்டும் என வாதிடும் போக்கு ஒன்று தமிழ்க் கல்வி எழுத்தில் நிலைத்திருக்கிறது. சான்றில் பெரிய குறை இல்லை. ஆனால் அந்த முடிவுக்கு அது ஆதாரமாகாது. சான்றிலிருந்து முடிவுக்குப் போகும் வழியில் ‘நடனம்’ என்னும் சொல் பொருள் மாறிவிடுகிறது. இலங்கை மலையகத்தின் நாவலப்பிட்டி நகரையும் அதைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் வைத்துப் பார்த்தால் இம்மாற்றத்தின் விளைவு தெளிவாகும்.

விவாதத்துக்குரிய மூலம், லோபோ, வின்ஸ்லர் என்னும் இருவர் 2006இல் ‘சோஷியல் டெவலப்மென்ட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களின் பாலர்களுக்காக நடத்தப்படும் ‘ஹெட் ஸ்டார்ட்’ திட்டத்தைச் சேர்ந்த 40 பிள்ளைகள் எழுமாறாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 8 வாரம் ஆட்டப் பயிற்சி தரப்பட்டது. மற்றக் குழுவுக்குப் பெரியவரின் கவனிப்பு கிடைத்தது, ஆட்டம் இல்லை. எந்தப் பிள்ளை எந்தக் குழு என்று அறியாத ஆசிரியர்களும் பெற்றோரும் முன்னும் பின்னும் பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிட்டனர். ஆடிய குழுவில் சமூகத் திறன் கூடியது. ஒதுங்கி ஒடுங்கும் போக்கும் அடித்துப் பிடுங்கும் போக்கும் குறைந்தன. பெரியவரின் கவனிப்பே இம்முன்னேற்றத்துக்குக் காரணம் என்று சொல்ல மற்றக் குழு இடம் தரவில்லை. இவ்வாய்வின் வலிமை அந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

ஆனால் அப்பிள்ளைகள் ஆடியது எது? ஆய்வின் தலைப்பிலேயே விடை உண்டு: அது ஆக்க நடனம். இம்முறையில் முன்கூட்டி வகுத்த நிலையோ மனனம் செய்யும் தொடரோ கிடையாது. மேகமாக மிதப்பது, ஆமையாக ஊர்வது, உயர்வது, தாழ்வது, விரைவது, உறைந்து நிற்பது என்று ஆசிரியர் ஒரு தூண்டலைத் தருவார். அதற்குரிய அசைவைப் பிள்ளை தானே தேடிக்கொள்ளும். பயிற்சியும் சிறு குழுவாகவே நடந்தது.

தமிழில் இது முதலில் ‘நடனம்’ என்று சுருங்குகிறது, பிறகு பரதமாகிவிடுகிறது. இலங்கைப் பாடசாலைகளில் இச்சுருக்கம் எளிதில் நிகழக் காரணம் உண்டு. ஆறாம் தரம் முதல் தமிழ்மொழி மூலப் பிள்ளை தெரிவு செய்யக்கூடிய அழகியற் பாடங்களுள் ஒன்றின் பெயர் நடனம். அதன் உள்ளடக்கம் பரதம். நாவலப்பிட்டியிலேயே சிங்கள மொழி மூலம் கற்கும் பிள்ளைக்கு நடனம் என்றால் முதலில் நினைவில் எழுவது கண்டிய நடனம். பாடத்தின் பெயரைக் கலையின் பொதுப் பெயராகக் கொண்டதால், வேறொரு கற்பித்தல் முறையில் கிடைத்த பெறுபேறு பரதத்தின் கணக்கில் வரவாகியிருக்கிறது.

இது வெறும் பெயர்ப் பிழை அன்று. தட்டடவு வகுப்பொன்றை எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வரிசையாக, முழங்காலை வெளிநோக்கி மடித்த அரைமண்டியில் நிற்கிறார்கள். ஆசிரியை தட்டுக்கழியால் பலகையில் தட்டி ‘தெய்யா தெய்’ என்கிறார். வலக்கால், இடக்கால், பிறகு இரண்டாம் காலம், மூன்றாம் காலம். ஒவ்வொரு பிள்ளையின் கண்ணும் ஆசிரியையின் காலில். பக்கத்துப் பிள்ளை தாளம் தவறினாலும் தன் அடவு குலைவதில்லை. பக்கத்துப் பிள்ளை வராத நாளிலும் அடவு நடக்கும். ஒழுங்கும் நினைவாற்றலும் இதில் வளரக்கூடும். பிறரைக் கவனித்துத் தன்னைச் சரிசெய்யும் பழக்கத்துக்கு இந்த அமைப்பில் இடம் குறைவு. 2006ஆம் ஆண்டு ஆய்வு அளந்ததோ அந்தச் சமூகத் திறனையே.

இவ்வாசிப்புக்கு இன்னொரு ஆய்வு துணை நிற்கிறது. கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் 2010இல் நான்கு வயதுப் பிள்ளைகள் 96 பேரை இருவர் இருவராக விளையாட விட்டனர். சில சோடிகள் பாடி, தாளமிட்டு, ஆடி விளையாடின. மற்றச் சோடிகள் பாட்டும் தாளமும் இல்லாமல் அதே விளையாட்டை ஆடின. பின்னர் ஒரு பிள்ளையின் கையிலிருந்த குழாயிலிருந்து கோலிக்குண்டுகள் சிதறும்படி செய்தபோது, சேர்ந்து பாடி ஆடிய சோடிகளில் உதவிக்கு வந்தவர்கள் அதிகம். அசைவு மட்டுமே போதுமானால் இவ்வேறுபாடு எழுந்திராது. பொதுத் தாளத்தில் இன்னொருவரோடு சேர்வதே பயனைத் தருகிறது என்று கொள்வது பொருந்தும்.

அப்படியானால் தமிழ்ப் பிள்ளைக்கு உரிய வடிவம் எது? கோலாட்டத்தில் பிள்ளை தன் கோல்களை ஒன்றோடொன்று தட்டி, அடுத்த தட்டில் எதிரே நிற்பவரின் கோலைச் சந்திக்க வேண்டும். முந்தினால் கோல் வெறும் காற்றில் போகும்; பிந்தினால் விரலில் படும். யாரும் திருத்த வேண்டியதில்லை. எதிரே நிற்கும் பிள்ளையின் கோலே திருத்திவிடும். கும்மியில் வட்டம் சிதையாமல் நகர வேண்டுமானால் முன்னால் போகிறவரின் அடியையும் பின்னால் வருகிறவரின் அடியையும் அறிந்திருக்க வேண்டும். இவை கல்வியாகா, வெறும் நாட்டார் விளையாட்டு என்ற மறுப்பு நெடிய பதிலுக்கு உரியதன்று. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்கு ஏழு இசைகளின் பெயரிட்டு வட்டத்தில் நிறுத்துகிறாள். வட்டத்தில் நிற்கும் இடத்தையே இசைப் பாடமாக்கும் முறைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மலையகத் தோட்டங்களில் இதற்கான மண் பண்பட்டே இருக்கிறது. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்தின் தப்பொலியைக் கைக்குழந்தைப் பருவம் முதலே கேட்டு வளரும் பிள்ளைகள் அங்கு உண்டு. தப்பின் அடி மாறும்போது ஆடுபவரின் கால் மாறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். அப்பிள்ளைகளைத் தாளம் அறியாதவர்களாகக் கருதித் தட்டடவிலிருந்து தொடங்குவது அவர்கள் கொண்டுவந்ததைக் கணக்கில் கொள்ளாத செயல்.

உடலமைப்பும் அவசரத்தைத் தடுக்கிறது. தொடை எலும்பின் கழுத்து முன்னோக்கித் திரும்பியிருக்கும் கோணம் பிறப்பில் 30 முதல் 40 பாகை வரை இருக்கும். வளர்ந்தோரில் அது ஏறத்தாழ 15 பாகைக்குக் குறைகிறது. குறைவின் பெரும்பகுதி எட்டு வயதையொட்டியே நிறைவேறுகிறது. நான்கு வயதில் அரைமண்டிக்குரிய விரிவை இடுப்பு முழுமையாகத் தராதபோது, பாதத்தை மட்டும் வெளியே திருப்பினால் முழங்கால் உள்ளே சாயும். சுமை அங்கே விழும்.

பரதக் கலைஞர் பாலசரசுவதி மிக இளமையில் கற்று 1925இல் ஏழு வயதில் அரங்கேறினாரே என்பர். வீணை தனம்மாளின் பேர்த்தியான அவர் பிறந்து வளர்ந்த இசைக் குடும்பத்து வீட்டை முன்பள்ளிக்கு அளவுகோலாக்க முடியாது. 2006ஆம் ஆண்டு ஆய்வின் 40 பிள்ளைகள் சிறு மாதிரி என்பது நியாயமான எச்சரிக்கை. ஆயினும் அது அடவுத் தரப்புக்கு உதவாது. அத்தரப்பு சார்ந்திருப்பதும் அதே 40 பேரைத்தான். நடனம் கற்றால் வாசிப்பு வளரும் என்ற கூற்றுக்கு ஆதாரம் இன்னும் மெலிது. கெய்னானென், ஹெட்லண்ட், வின்னர் ஆகியோர் 2000இல் வெளியிட்ட மீப்பகுப்பாய்வு சொல்சாராச் சிந்தனையில் சிறு பயனைக் கண்டது. வாசிப்பில் நம்பத்தக்க பயனைக் காணவில்லை.

இவை பரதத்தின் மதிப்பைக் குறைப்பன அல்ல. எலும்பும் கவனமும் ஓரளவு முதிர்ந்த வயதில், கற்றுத் தேர்ந்த ஆசிரியரிடம் தொடங்கினால் அது தன் பலனைத் தரும். பாடசாலைப் பாடமாக ஆறாம் தரத்தில் வருவதும் அதற்கு ஒத்ததே. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான காலம் வட்டத்துக்கு உரியது. தோட்டங்களில் முன்பு குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவமாக இருந்து இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையமாகியுள்ள இடங்களிலும் நகரத்து முன்பள்ளிகளிலும் அதற்குச் சலங்கையோ பட்டாடையோ மேடையோ தேவையில்லை. பிள்ளைக்கு இரண்டு சிறு கோல், பாடத் தெரிந்த ஒருவர், வட்டமாக நிற்க ஒரு முற்றம் போதும்.