பாதிப்பு எண்ணிக்கை குறைஞ்சா தொற்று குறைஞ்சிடுச்சா? 'பாசிட்டிவிட்டி ரேட்' சொல்வது என்ன?

2021 ஏப்ரல் 20-ஆம் தேதி டெல்லியில் 28,395 பேருக்கு கொரோனா உறுதியானது. ஏப்ரல் 22-ஆம் தேதி அந்த எண்ணிக்கை 26,169. இந்த இரண்டை மட்டும் பார்த்தால், 'அப்பாடா, குறையுதே' என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது 'பாசிட்டிவிட்டி ரேட்', அதாவது தொற்று உறுதியாகும் விகிதம்.

100 பரிசோதனை செய்தால் எத்தனை பாசிட்டிவ் வருகிறது? அவ்வளவுதான் கணக்கு. ஏப்ரல் 20 அன்று டெல்லியில் சுமார் 86,500 பரிசோதனைகள், விகிதம் 32.82%. ஏப்ரல் 22 அன்று சுமார் 72,200 மட்டுமே, விகிதம் 36.24%. இரண்டு நாளில் 14,000 பரிசோதனைகள் குறைந்துவிட்டன. அதனால்தான் பாதிப்பும் குறைந்ததுபோலத் தெரிந்தது.

அப்படின்னா டெல்லியில் மூன்றில் ஒருவருக்கு கொரோனாவா?

இல்லை. பரிசோதனைக்கு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் காய்ச்சல், இருமல் உள்ளவர்கள், நோயாளிகளுடன் பழகியவர்கள். அவர்களை வைத்து மொத்த ஊரையும் கணக்குப் போட முடியாது. விகிதம் உயர்ந்தால் இரண்டில் ஒன்று: தொற்று வேகமாகப் பரவுகிறது, அல்லது பரிசோதனை போதவில்லை. டெல்லியில் அப்போது இரண்டுமே நடந்தது. லேசான அறிகுறியோடு வீட்டிலேயே இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன் இந்த விகிதம் குறைந்தது 14 நாட்களுக்கு 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதம் கூறியது. 2021 ஏப்ரல் இறுதியில் மத்திய உள்துறை அமைச்சகம் வேறு வரம்பு வைத்தது. ஒரு வாரமாக 10 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் மாவட்டங்களிலும், மருத்துவமனைப் படுக்கைகள் 60 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய மாவட்டங்களிலும் கடும் கட்டுப்பாடு தேவை என்றது.

குறைந்த விகிதத்தையும் அப்படியே நம்பிவிடாதீங்க. எந்தப் பரிசோதனை என்று பாருங்கள். ஒரு ரேபிட் ஆன்டிஜென் கிட் தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் சரியாகக் கண்டுபிடித்தது என்பது 2020-இல் ஐசிஎம்ஆர் வெளியிட்ட மதிப்பீடு. ஆர்டி-பிசிஆரைக் குறைத்து ஆன்டிஜென் பரிசோதனையை அதிகம் செய்யும் மாநிலத்தின் விகிதம் தானாகவே இறங்கும். அறிகுறியே இல்லாதவர்களை ரயில் நிலையத்தில் நிறுத்தி மொத்தமாகப் பரிசோதித்தாலும் இறங்கும். இரண்டு மாநிலங்களை ஒப்பிடுவதில் இதுதான் சிக்கல்.

ஒருநாள் எண்ணைவிட 7 நாள் சராசரி மேல். ஞாயிற்றுக்கிழமை பரிசோதனைகள் குறைவதால் வரும் ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும்.

உங்களுக்கே ஆன்டிஜென் பரிசோதனையில் நெகட்டிவ் வந்து, காய்ச்சலோ இருமலோ இருந்தால்? ஆர்டி-பிசிஆர் எடுக்க வேண்டும் என்றுதான் ஐசிஎம்ஆர் அப்போதே சொன்னது. ஊரில் விகிதம் அதிகமாக இருக்கும்போது அந்த நெகட்டிவ் தவறாக இருக்கும் வாய்ப்பும் அதிகம்.