பங்கு போட்டதால் பெருகிய பணம்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. காலை விடக் கைக்கே அதிக வேலை உள்ள ஆட்டம் அது. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், தூரத்தில் நிற்பவருக்கு எறிவார்கள், எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் சில மாதம் தங்கிவிட்டு வரும் என் வயதுக்காரர்கள் பலர், ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டு டிவியில் ஓடும் இந்த ஆட்டத்தை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. அதன் பின்னால் இருக்கும் தொலைக்காட்சி வியாபாரத்தின் வரலாறு நமக்கு நன்றாகவே புரியும். 2023-ம் ஆண்டு அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த 100 ஒளிபரப்புகளில் 93, என்.எஃப்.எல். எனப்படும் இந்தத் தொழில்முறை லீக்கின் ஆட்டங்கள்தான். இந்த இடத்துக்கு அது எப்படி வந்தது?

தொடக்கம் மிகச் சாதாரணமானது. 1939 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த ஓர் ஆட்டத்தை என்.பி.சி. நிறுவனம் பரிசோதனையாக ஒளிபரப்பியது. அப்போது டிவிப் பெட்டி வைத்திருந்தவர்களே மிகச் சிலர். பிறகு போர் வந்தது, எல்லாம் நின்றுபோனது.

போருக்குப் பின் வீடுகளில் டிவி பரவத் தொடங்கியதும் அணி உரிமையாளர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வீட்டிலேயே ஆட்டம் தெரிந்தால் டிக்கெட் வாங்கி மைதானத்துக்கு யார் வருவார்கள்? இந்தப் பயம் வீண் அல்ல என்பதை 1950-ல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி நிரூபித்தது. தன் ஆட்டங்கள் அனைத்தையும் டிவியில் காட்ட அந்த அணி ஒப்புக்கொண்டது. மைதானத்துக்கு வந்த கூட்டம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நல்ல வேளையாக, நஷ்டத்தை ஈடுகட்டுவதாக விளம்பரதாரரான அட்மிரல் டிவி கம்பெனி முன்பே ஒப்பந்தம் போட்டிருந்தது. மறு வருடமே உள்ளூர் ஆட்டங்களின் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். கூட்டமும் திரும்பி வந்தது.

இதிலிருந்துதான் 'உள்ளூர் இருட்டடிப்பு' என்ற வழக்கம் வேரூன்றியது. ஓர் அணி தன் சொந்த ஊரில் ஆடும்போது அந்த வட்டாரத்தில் அதை டிவியில் காட்டக் கூடாது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. 1953-ல் நீதிபதி ஆலன் கிரிம் இந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பளித்தார். இதன் விளைவை 1958-ல் பார்க்கலாம். அந்த ஆண்டின் இறுதி ஆட்டம் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்தது. சமன் ஆகி, கூடுதல் நேரத்தில் பால்டிமோர் அணி வென்றது. நாடு முழுவதும் சுமார் நாலரைக் கோடி பேர் பார்த்தார்கள். நியூயார்க்வாசிகளுக்கு மட்டும் தங்கள் வீட்டு டிவியில் அது தெரியவில்லை!

அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் தன் ஒளிபரப்பு உரிமையைத் தனித்தனியாக விற்றுக்கொண்டிருந்தது. நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகர அணிகளுக்கு நல்ல விலை கிடைத்தது. விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர் இருக்கிறது. அப்போது அதன் மக்கள்தொகை 60 ஆயிரத்துச் சொச்சம். அந்த ஊர் மக்களே பங்கு வாங்கி நடத்தும் அணி பேக்கர்ஸ். இப்படிப்பட்ட அணிக்கு விளம்பரதாரர்கள் எவ்வளவு கொடுப்பார்கள்? இப்படியே போயிருந்தால் பணக்கார அணிகள் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டிருக்கும், சின்ன ஊர் அணிகள் கடையை மூடியிருக்கும்.

1960-ல் பீட் ரோசல் என்ற 33 வயது இளைஞர் லீக்கின் கமிஷனர் ஆனார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவாகாமல் 23-வது சுற்று வாக்கெடுப்பில் வந்து சேர்ந்தவர் அவர். அதே ஆண்டு போட்டியாகத் தொடங்கிய ஏ.எஃப்.எல். என்ற புதிய லீக், தன் எல்லா ஆட்டங்களையும் மொத்தமாக ஏ.பி.சி.க்கு விற்றுப் பணத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டது. ரோசல் இதே வழியைத் தன் உரிமையாளர்களிடமும் வலியுறுத்தினார். எதிரணி பலவீனமாக இருந்தால் ஆட்டத்தில் சுவை இருக்காது, சுவை இல்லாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். இதில் அதிகம் இழக்கப் போகிறவர்கள் பெருநகர அணிக்காரர்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மாரா குடும்பத்தினரும் சிகாகோவின் ஜார்ஜ் ஹாலஸும் சம்மதித்தார்கள். இந்த வரலாற்றில் பெரிய மனதோடு எடுக்கப்பட்ட முடிவு என்று நான் இதைத்தான் சொல்வேன். நீண்ட கணக்குப் பார்த்தால் புத்திசாலித்தனமான முடிவும் அதுவே.

1961-ல் சி.பி.எஸ். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அணிகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து விலை பேசுவது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தீர்ப்பளித்தவர் அதே நீதிபதி கிரிம். ரோசல் வாஷிங்டனுக்குப் போய் அரசியல்வாதிகளைச் சந்தித்தார். சில வாரங்களில் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் நிறைவேறியது. 1961 செப்டம்பர் 30 அன்று ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. கூட்டாக விற்கும் சலுகை, விளம்பரதாரர் செலவில் நடக்கும் ஒளிபரப்புக்குத்தான். அதாவது மக்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒளிபரப்பு. மேலும், பள்ளி, கல்லூரி ஆட்டங்கள் நடக்கும் வெள்ளி இரவும் சனிக்கிழமையும் சீசனின் பெரும்பகுதியில் லீக் குறுக்கே வராதபடி நிபந்தனையும் வைத்தார்கள்.

அதன்பின் பணம் எப்படி ஏறியது என்று பாருங்கள். 1962-ல் சி.பி.எஸ். ஆண்டுக்கு 46.5 லட்சம் டாலர் கொடுத்தது. 14 அணிகளுக்கும் தலா 3 லட்சத்துக்குச் சற்று மேல், நியூயார்க்குக்கும் கிரீன் பேக்கும் ஒரே தொகை. 1964-ல் அது ஆண்டுக்கு 1 கோடியே 41 லட்சம் ஆனது. 1966-ல் இரண்டு லீக்குகளும் இணைய முடிவு செய்தன. 1967-ல் நடந்த முதல் சூப்பர் பவுலை சி.பி.எஸ்., என்.பி.சி. இரண்டுமே ஒளிபரப்பின.

இந்த ஆட்டத்தின் மேல் மக்களுக்கு இருந்த மோகத்தை டிவிக்காரர்கள் உணர்ந்த நாள் 1968 நவம்பர் 17. நியூயார்க் ஜெட்ஸ், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் ஆட்டம் முடிய 65 விநாடிகள் இருக்கும்போது, இரவு 7 மணி ஆகிவிட்டது என்று என்.பி.சி. நாட்டின் பெரும்பகுதியில் ஒளிபரப்பைத் துண்டித்து 'ஹைடி' என்ற சிறுவர் படத்தைப் போட்டது. பின்தங்கியிருந்த ஓக்லண்ட் அந்தச் சில விநாடிகளில் இரண்டு முறை புள்ளி எடுத்து வென்றுவிட்டது! வந்து குவிந்த தொலைபேசி அழைப்புகளில் என்.பி.சி.யின் இணைப்பகமே செயலிழந்துபோனது. 1970-ல் ஏ.பி.சி. திங்கட்கிழமை இரவு ஆட்டத்தைத் தொடங்கியது. வேலை நாளின் இரவும் ஃபுட்பாலுக்கு வந்து சேர்ந்தது.

உள்ளூர் இருட்டடிப்பும் தளர்ந்தது. தலைநகர் அணியின் ஆட்டங்களைத் தலைநகரில் இருந்த அரசியல்வாதிகளே வீட்டில் பார்க்க முடியவில்லை என்றால் சும்மா இருப்பார்களா? 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த ஆட்டத்தை உள்ளூரிலும் காட்ட வேண்டும் என்று 1973-ல் காங்கிரஸ் சட்டம் போட்டது. 2015-ல் லீக்கே மிச்சமிருந்த தடையையும் நிறுத்தி வைத்தது.

அடுத்த திருப்பம் 1993. ரூபர்ட் மர்டாக்கின் ஃபாக்ஸ் அப்போது புதிய, சின்ன நிறுவனம். நான்கு ஆண்டுகளுக்கு 158 கோடி டாலர் என்று ஏலம் கேட்டு, 1956 முதல் இந்த ஆட்டங்களைக் காட்டி வந்த சி.பி.எஸ்.ஸிடமிருந்து உரிமையைப் பறித்தது. அது மிக அதிகம் என்றார்கள். ஆனால் ஆட்டத்தோடு பார்வையாளர்களும் ஃபாக்ஸுக்கு வந்தார்கள். பல ஊர்களில் சி.பி.எஸ்.ஸின் நிலையங்களே ஃபாக்ஸ் பக்கம் மாறின. பட்டுத் தெரிந்துகொண்ட சி.பி.எஸ். 1998-ல் ஆண்டுக்கு 50 கோடி டாலர் கொடுத்துத் திரும்பி வந்தது. அந்தச் சுற்றில் லீக்குக்குக் கிடைத்த மொத்தம் எட்டு ஆண்டுகளுக்கு 1,760 கோடி டாலர்.

இதற்கிடையில் காசு கொடுத்துப் பார்க்கும் பழக்கமும் மெதுவாக நுழைந்தது. 1987-ல் ஈ.எஸ்.பி.என். கேபிள் சேனல் வந்தது. 1994-ல் வெளியூர் ஆட்டங்களைச் செயற்கைக்கோள் வழியே தரும் 'சண்டே டிக்கெட்' சந்தா வந்தது. 2021-ல் லீக் போட்ட 11 ஆண்டு ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 11,000 கோடி டாலர். அதில் வியாழக்கிழமை ஆட்டங்கள் அமேசானுக்குப் போயின. 2024 ஜனவரியில் ஒரு நாக்-அவுட் ஆட்டம் முதன்முறையாக இணையச் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றானது. ஆடிய இரண்டு அணிகளின் ஊர்களில் மட்டும் சாதாரண டிவியில் காட்டினார்கள். அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆட்டங்கள் நெட்ஃபிளிக்ஸில்.

சண்டே டிக்கெட்டின் விலை கூட்டுச் சேர்ந்து ஏற்றப்பட்டது என்று சந்தாதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூனில் ஜூரி சுமார் 470 கோடி டாலர் நஷ்டஈடு என்றது. ஆகஸ்டில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்தார். ஆனால் அந்த வழக்கு கிளப்பிய கேள்வி நியாயமானது. 1961-ல் கொடுத்த சலுகை இலவச ஒளிபரப்புக்கு. சந்தா வசூலிக்கும்போதும் அதே சலுகையின் நிழலில் நிற்கலாமா?

பெரும்பாலான ஆட்டங்கள் இன்றும் ஒரு சாதாரண ஆன்டெனாவிலேயே கிடைக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லா ஆட்டமும் வேண்டும் என்கிற ரசிகர், நான்கைந்து இடத்தில் மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது. ஓய்வூதியத்தில் மாதத்தை ஓட்டும் ஒருவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

அணிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வது இன்றும் தொடர்கிறது. கிரீன் பேக்கு நியூயார்க்குக்குச் சமமான பங்கு இப்போதும் போகிறது. அன்று செய்த ஒப்பந்தத்தில் ரசிகருக்கும் ஒரு பங்கு இருந்தது. இலவசமாகப் பார்ப்பதுதான் அந்தப் பங்கு. குறைந்துகொண்டு வருவது அது ஒன்றுதான்.