தேய்மானம் இல்லாத ஒரு கறுப்பு அட்டை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு கிதார் வாசிக்கத் தெரியாது. பி.காம். படித்து, பேங்க் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, இப்போது ஷில்லாங்கில் வந்து நிற்கும் ஆசாமி. ராஜா பாட்டைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது என்று இருந்தவன். எனவே இசை தெரிந்தவர்கள் தப்பு இருந்தால் தலையில் குட்டலாம், கொஞ்சம் மெதுவாக.

ஷில்லாங்கில் குடியிருந்துகொண்டு ராக் இசையிலிருந்து தப்பிக்க முடியாது. பாப் டிலன் பிறந்தநாளை லூ மஜாவ் என்ற உள்ளூர்ப் பாடகர் 1972-லிருந்து கச்சேரி வைத்துக் கொண்டாடுகிற ஊர் இது. எங்கள் வீட்டுக்காரர் அறுபதைத் தாண்டிய காசி இனத்துப் பெரியவர். இங்கே ஆண்களை மரியாதையாக 'பா' என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஒரு பழைய கேசட்டைப் போடுவார். முதலில் ஒரு மணி அடிக்கும். கனத்த, மெதுவான மணி. வந்த புதிதில் தங்கமணி அதைப் பக்கத்து சர்ச் மணி என்றே நினைத்துவிட்டார். பிறகு கிதார் ஆரம்பிக்கும். நான் ஜன்னலைச் சாத்துவேன்.

அப்பா போய்ச் சேர்ந்தபோது ஊருக்குப் போய் எல்லாக் காரியமும் முடித்துவிட்டு பதினேழாம் நாள் கிளம்பி வந்தேன். காலாண்டுக் கணக்கு முடிக்க வேண்டிய நேரம், வேறு வழியில்லை. அந்த ஞாயிறு பா மாடியேறி வந்து, "துக்க வீடு, பாட்டுப் போடட்டுமா வேண்டாமா?" என்று கேட்டார். போடுங்கள் என்றேன். "அந்த மணியே சாவுக்கு அடிக்கிற மணிதான், தெரியுமா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்குத்தான் ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்டேன். பிறகு தேடித் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

ஆல்பத்தின் பெயர் 'பேக் இன் பிளாக்'. குழுவின் பெயர் ஏசி/டிசி. ஆஸ்திரேலியக் குழு என்பார்கள், ஆனால் அடி வேர் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோவிலிருந்து யங் குடும்பம் 1963-ல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. முதலில் தங்கியது வில்லவுட் என்ற இடத்தில், குடியேறிகளுக்கான விடுதியில். அப்போது மால்கமுக்கு பத்து வயது, ஆங்கஸுக்கு எட்டு. அண்ணன் ஜார்ஜ் அந்த விடுதியில் கிடைத்த நண்பர்களோடு 'ஈஸிபீட்ஸ்' குழு தொடங்கிப் பெயர் வாங்கினார். அதைப் பார்த்து வளர்ந்த தம்பிகள் இருவரும் 1973-ல் ஏசி/டிசியைத் தொடங்கினார்கள். தையல் மிஷினில் எழுதியிருந்த ஏசி/டிசி என்ற எழுத்துகளைப் பார்த்துப் பெயர் சொன்னவர் அக்கா மார்கரெட். ஆங்கஸ் மேடையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் போடுவதும் அக்கா யோசனைதான்.

1974-ல் பாடகராக வந்து சேர்ந்தவர் பான் ஸ்காட். இவரும் ஸ்காட்லாந்தில் பிறந்து, சின்ன வயதில் குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். ஆறு வருஷம் ஊர் ஊராக வேன் ஓட்டி, பாரில் பாடி, 1979-ல் வந்த 'ஹைவே டு ஹெல்' ஆல்பம்தான் அமெரிக்காவில் முதல் இருபது இடத்துக்குள் அவர்களைக் கொண்டுபோனது. கதவு திறந்தாயிற்று.

1980 பிப்ரவரி 19. லண்டனில், இரவு முழுக்கக் குடித்துவிட்டு ஒரு காரில் தூங்கிய பான் எழுந்திருக்கவில்லை. வயது 33. அளவுக்கு மீறிய குடிதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது.

கடையை மூடிவிடலாம் என்றுதான் சகோதரர்கள் நினைத்தார்கள். நிறுத்த வேண்டாம், வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு தொடருங்கள் என்று சொன்னவர்கள் பானின் பெற்றோர். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் சொன்ன சொல் அது. என்னைக் கேட்டால், இந்த ஆல்பம் பிறந்தது அந்தச் சொல்லில்தான்.

புதிதாக வந்தவர் பிரையன் ஜான்சன். இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்து ஆள். 'ஜியார்டி' என்ற குழுவில் பாடி ஓரளவு பெயர் வாங்கி, அது கலைந்து, கார்களுக்கு மேற்கூரை ஒட்டும் தொழில் செய்துகொண்டிருந்தவர். முப்பத்திரண்டு வயதில் வாழ்க்கை இவ்வளவுதான் என்று உட்கார்ந்திருந்தவருக்கு லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. ஏப்ரலில் தேர்வானார். ஒரு மாதம் முடிவதற்குள் பஹாமாஸ் தீவில், நசாவ் நகரத்தின் காம்பஸ் பாயின்ட் ஸ்டுடியோவில் நின்றார். வெளியே புயல், அடிக்கடி கரண்ட் கட். செத்துப்போனவரின் இடத்தில் நின்றுகொண்டு பாட்டு எழுதவும் வேண்டும், பாடவும் வேண்டும். புது பிராஞ்சில் முதல் நாள், அதுவும் ஊரே நேசித்த மேனேஜர் உட்கார்ந்த நாற்காலியில் உட்காரும்போது வயிற்றைக் கலக்குமே, அதை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பானை நினைத்து ஒரு பாட்டு வேண்டும், ஆனால் ஒப்பாரியாக இருக்கக்கூடாது என்று சகோதரர்கள் அவரிடம் சொன்னார்களாம். அதுதான் ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு. அதன் அடிப்படை கிதார் வரியை மால்கம் முன்பே கேசட்டில் பதிந்துவைத்து, தேறுமா தேறாதா என்று தம்பியிடம் கேட்டவர். மூன்றே கார்டுகள். நடுநடுவே இடைவெளி. என் காதுக்கு எட்டியவரை, அந்த இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. அடித்துவிட்டு நிறுத்துகிறார்கள், அந்த நிசப்தத்தில் நம் தலை தானாக ஆடுகிறது. நம்ம தவில்காரர் ஒரு அடியை விழுங்கிவிட்டு நம்மைக் காக்க வைப்பாரே, அந்த சுகம்.

மணி விஷயத்துக்கு வருகிறேன். 'ஹெல்ஸ் பெல்ஸ்' என்ற முதல் பாட்டுக்காக இங்கிலாந்தின் லஃப்பரோ ஊரில் இருக்கும் ஜான் டெய்லர் மணி வார்ப்பாலையில் ஒரு டன் எடையில் மணி வார்த்தார்கள். ஒலிப்பதிவாளர் டோனி பிளாட் அங்கேயே போய்ப் பதிவு செய்தார். இன்னும் கனமாகக் கேட்க வேண்டும் என்று ஒலிநாடாவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். தயாரிப்பாளர் மட் லாங் அப்படிப்பட்ட ஆள், ஒரு ஓசையைக்கூட சும்மா விடமாட்டார்.

அட்டை முழுக்கக் கறுப்பு, துக்கத்துக்கு. கம்பெனிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் குழுவின் பெயரைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு போட்டு சமாதானமானார்கள். 1980 ஜூலை 25-ல் ஆல்பம் வெளியானது. பான் இறந்து ஐந்தே மாதம்.

இனி என் தொழில் பாஷை. தேய்கிற எந்தச் சொத்துக்கும் தேய்மானம் போட்டே ஆகவேண்டும் என்பது பி.காம். முதல் வருஷப் பாடம். இதற்குப் போட முடியவில்லை. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம் வரை. அமெரிக்காவில் முதலிடமே தொடாத இந்த ஆல்பத்துக்கு, அங்கே மட்டும் 2 கோடியே 50 லட்சம் என்ற சான்று 2019-ல் கிடைத்தது. உலகம் முழுக்க ஐந்து கோடி என்கிறார்கள். ஒரே ரசிகர் ரெக்கார்டு தேய்ந்ததும் கேசட், கேசட் சிக்கியதும் சிடி என்று திரும்பத் திரும்ப வாங்கியிருக்கிறார். ஆல்பத்தைப் பிய்த்துத் தனிப்பாட்டாக விற்க மாட்டோம் என்று 2012 வரை ஐட்யூன்ஸ் பக்கமே இவர்கள் போகவில்லை. என் பையன் தலைமுறைக்கு 2008-ல் வந்த 'அயர்ன் மேன்' படம் அறிமுகம் செய்துவைத்தது. படம் தொடங்குவதே இந்தப் பாட்டோடுதான்.

உறுத்துகிற ஒன்றையும் மறைக்கக்கூடாது. குடியில் போனவருக்கான ஆல்பத்தில் 'ஹேவ் எ டிரிங்க் ஆன் மீ' என்று ஒரு குடிப்பாட்டு இருக்கிறது. பான் இறப்பதற்குச் சில நாள் முன்பு இதே பாட்டின் ஒத்திகையில் அவரே வந்து டிரம்ஸ் வாசித்திருக்கிறார். வரிகளில் பானின் கைவண்ணம் உண்டா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். இல்லை, எல்லாம் பிரையன் எழுதியதே என்பது குழுவின் பதில். எனக்கு அந்தப் பாட்டு இன்றும் நெருடல்தான். சாவு வீட்டிலேயே சீட்டாடிக் குடிப்பவர்களை நம் ஊரிலும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கும் துக்கம் இல்லாமல் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

பானையும் யாரும் மறக்கவில்லை. அஸ்தி இருக்கும் ஃப்ரீமேண்டில் கல்லறைத் தோட்டத்துக்கு இன்றும் ஆட்கள் போகிறார்கள். ஸ்காட்லாந்தில் அவர் வளர்ந்த கிரிமூர் ஊரில் ரசிகர்கள் காசு போட்டு 2016-ல் சிலை வைத்தார்கள். 2020 மார்ச் 1-ல் பெர்த் நகரில் சாலையையே மூடி, லாரிகள் மேல் குழுக்கள் வாசித்துப் போக, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். புதியவரைக் கொண்டாடினால் பழையவருக்குத் துரோகம் என்று அவர்கள் நினைக்கவில்லை. இரண்டு பேருக்கும் இடம் இருந்தது.

கதை அப்படியே திரும்பி வந்தது. மால்கமுக்கு மறதி நோய். தானே எழுதிய பாட்டுகளை மறுபடி கற்றுக்கொண்டு மேடையேறினார். 2014-ல் விலகினார், அண்ணன் மகன் ஸ்டீவி அந்த இடத்தில் நின்றார். 2017 நவம்பரில் மால்கம் காலமானார். ஜார்ஜ் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. 2020-ல் வந்த 'பவர் அப்' ஆல்பம் மால்கமுக்குச் சமர்ப்பணம்.

பதினேழாம் நாள் கிளம்பி வந்ததில் எனக்கு ரொம்ப நாள் குற்ற உணர்ச்சி இருந்தது. வெளியூரில் பிழைக்கும் நம்மில் பலருக்கும் இது இருக்கும். முழுசாக அழுது முடிக்குமுன் பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. வேலைக்குத் திரும்புவதும் ஒருவகையில் அவர்களுக்குச் செய்கிற காரியம்தான் என்று எனக்குச் சொன்னது ஒரு கறுப்பு அட்டையும், கீழ் வீட்டு கேசட்டும்.

இப்போது பையன் அந்த மூன்று கார்டைப் பழகுகிறான். இடைவெளி விடாமல் அவசரமாக அடிக்கிறான். பா கீழேயிருந்து குரல் கொடுக்கிறார்: "நிறுத்து தம்பி, நிறுத்தி வாசி!"