படைத்தலைவரும் ஆளுநரும்: தாமஸ் மன்றோவின் ஆட்சிமுறை – ஒரு மறுபார்வை

முன்னுரை

அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். அதனை அடுத்த பல்லாவரமும் பரங்கிமலையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைமுகாம்களாக விளங்கியவை. 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை ஐதர் அலியிடம் அழிந்தபின், ஹெக்டர் மன்றோவின் படை செங்கற்பட்டு வழியாகச் சென்னையை நோக்கிப் பின்வாங்கியது. அப்படையில் இருந்த பத்தொன்பது வயது இளைஞர் தாமஸ் மன்றோ, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாகாண ஆளுநரானார். படைப்பணியில் பெற்ற பட்டறிவு அவர்தம் ஆட்சிமுறையை எவ்வாறு வடிவமைத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

படையிலிருந்து வருவாய்த்துறைக்கு

1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பெற்ற பாராமகாலின் நிர்வாகம் குடிமைப் பணியாளரிடம் விடப்படாமல், அலெக்சாண்டர் ரீடு என்னும் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு உதவியாளராக மன்றோ ஏழாண்டுகள் ஊர் ஊராகச் சென்று நிலங்களை அளந்தார். குடியானவர்களிடம் நேரில் பேசினார். ரயத்துவாரி முறை இக்களப்பணியிலிருந்தே உருவாயிற்று. பின்னர், ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்களில் (1800–1807) பணியாற்றியபோது, வரி மிகுதி என்பதை உணர்ந்து நான்கில் ஒரு பங்கைக் குறைக்கப் பரிந்துரைத்தார். வருவாய்த் தேவையைக் காட்டி அரசு அதனை உடனே ஏற்கவில்லை.

1813இல் பிரிட்டானிய நாடாளுமன்றத்தில் சாட்சியமளித்தபோது, தாம் ஏழாண்டுகள் பயன்படுத்திய இந்தியச் சால்வை தேயவில்லை என்றும், ஐரோப்பியச் சால்வையை அன்பளிப்பாகத் தந்தாலும் அணிய விரும்பேன் என்றும் கூறினார். ஆயினும் அவர் ஆளுநராக இருந்த காலத்திலேயே இங்கிலாந்தின் ஆலைத்துணி இந்தியச் சந்தையில் பெருகியது. நெசவாளர் திறனை அறிந்த ஒருவரின் சான்று, அவர்களுக்குக் காப்பாக அமையவில்லை.

ஆளுநர் மன்றோ

மேஜர் ஜெனரலான மன்றோ 1820இல் ஆளுநராகப் பொறுப்பேற்றார். 1822இல் அவர் ஆணையிட்டுத் தொகுத்த கல்விக் கணக்கெடுப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமையைப் பதிவுசெய்தது. 1824ஆம் ஆண்டுக் குறிப்பில், இந்தியர்க்கு உயர்பதவிகள் தரப்படவேண்டும் என வலியுறுத்தினார். ஆனால், 1822ஆம் ஆண்டுக் குறிப்பில் அச்சுச் சுதந்திரத்தை எதிர்த்தார். அது இந்தியச் சிப்பாய்களைக் கிளர்ச்சிக்குத் தூண்டும் என்பதே அவர் அச்சம். பதவியைப் பரிந்துரைத்தவர் குடிமை ஆட்சியாளர். அச்சத்தை எழுதியவர் படைத்தலைவர் எனலாம்.

அதிகாரக் குவிப்பு

அவரது முயற்சியால் வந்த 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள், காவல் அதிகாரத்தைக் கலெக்டர், தாசில்தார், ஊர்த்தலைவர் ஆகியோரிடம் சேர்த்தன. நீதிமன்றத்தை எளிதில் அணுகவியலாத குடியானவருக்கு உள்ளூரிலேயே தீர்வு கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். ஆயினும் வரி தண்டுபவரே காவலரும் ஆனதன் விளைவை 1855ஆம் ஆண்டுச் சென்னைச் சித்திரவதை ஆணைய அறிக்கை வெளிப்படுத்தியது. வரி நிலுவைக்காகக் குடியானவர்கள் துன்புறுத்தப்பட்டனர். முறையிடுவதற்கு அவர்களுக்கு வேறு வாயில் இல்லை. 1859இல்தான் தனிக் காவல்துறை அமைக்கப்பட்டது.

முடிவுரை

மன்றோ 1827 ஜூலை 6 அன்று பத்திக்கொண்டாவில் வாந்திபேதியால், சுற்றுப்பயணத்தின் இடையே இறந்தார். மக்களை நேரில் அறிந்த ஆட்சியாளர் என்னும் அவர்தம் புகழ் பொய்யன்று. ஆனால், அந்த அறிதலையே ஆட்சிக்குப் போதிய கட்டுப்பாடாக அவர் கருதினார். அவரைப் போன்று குடியானவரிடம் நேரில் கேட்டறியாத அலுவலர் கையில் அதே அதிகாரம் சென்றபோது அது கொடுமையாயிற்று. தனிமனிதப் பண்பை நம்பி அமைக்கப்பட்ட ஆட்சிமுறையின் குறை இதனால் புலனாகிறது.